வஞ்சினம் முதல் 'வாடா பார்க்கலாம்' வரை



ஒருவன் மற்றொருவனைச் சண்டைக்கு அழைக்கும்போது தமிழில் என்ன சொல்கிறான் என்பதே இன்றைய உரையின் பொருள். ஆயர் ஈத்தாமில் கூடியிருக்கும் நல்லோர் அவையில் பேசத்தக்க பொருளா இது என்று ஐயுறுவோர் இருக்கலாம். தொல்காப்பியர் ஐயுறவில்லை. புறத்திணையியலில் அவர் அழைப்பு மொழிகளுக்கும் சூள்மொழிகளுக்கும் துறை வகுத்துப் பெயரிட்டிருக்கிறார். போரைப் பற்றி எழுதிய இலக்கணநூல்கள் பிற மொழிகளிலும் இருக்கலாம். போருக்கு முன் வாய் என்ன சொல்லும் என்பதை இலக்கணத்தின் ஒரு பகுதியாகவே கொண்டது நம் மரபு. ஆகவே பள்ளித் திடலில் இரண்டு மாணவர்கள் மார்போடு மார்பு உரச நிற்கையில் எழும் சொற்களை மொழியியல் நோக்கில் ஆராய்வது நம் மரபுக்குப் புறம்பானதன்று.

முதலில் வஞ்சினம் என்னும் துறையை எடுத்துக்கொள்வோம். தொல்காப்பியம் இதனைக் காஞ்சித் திணையில் வைக்கிறது. இன்ன செயலை நான் முடிக்கவில்லையானால் எனக்கு இன்ன கேடு வருக என்று ஒருவன் தனக்குத் தானே விதித்துக்கொள்ளும் சூள் அது. புறநானூற்றின் 71, 72, 73 ஆம் பாடல்கள் மூன்றும் அரசர்களே பாடியவை. மூன்றும் இத்துறையைச் சார்ந்தவை. ஒல்லையூர் தந்த பூதப்பாண்டியன், பகைவரை நான் புறங்காணேனாயின் என் தேவியை நான் பிரிவேனாகுக, முறை அறியாத ஒருவனை அறங்கூறு அவையத்தில் அமர்த்திக் கொடுங்கோல் செய்தவனாகுக என்கிறான். தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியன், இளையன் என்று தன்னை இகழ்ந்த வேந்தரை வெல்லாவிடில் தன் குடிகள் தன்னைக் கொடியன் என்று தூற்றுக என்கிறான். மாங்குடி மருதனைத் தலைவனாகக் கொண்ட புலவர்கள் தன் நாட்டைப் பாடாது ஒழிக என்கிறான். ஓர் அரசன் தன் தோல்விக்குத் தானே குறித்துக்கொண்ட தண்டனை, புலவர்கள் வாய்மூடிவிடுவது! இந்த இடத்தை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் நான் சற்று நின்றுவிடுவது வழக்கம்.

மூன்றாவது பாடல் சோழன் நலங்கிள்ளியுடையது. பகைவன் மெல்ல வந்து தாள் பணிந்து கேட்டால் அரசுரிமையைத் தருவது எளிது, உயிரையும் தருவேன் என்று முதலில் சொல்லிவிட்டு, இகழ்ந்து வருபவனுக்கு மட்டும் போர் என்கிறான். வஞ்சினம் கூறும் வாய் ஒரு கதவைத் திறந்து வைத்துக்கொண்டே கூறுகிறது. இந்தக் கதவைப் பற்றிப் பின்னர்ப் பேசுவேன்.

இம்மூன்று பாடல்களின் தொடரமைப்பைக் கவனியுங்கள். ஒரு நிபந்தனை எச்சம் வருகிறது; அதன் பின் ஒரு கேடு வருகிறது. நிபந்தனைக்குரிய எழுவாய் தன்மையில் உள்ளது. கேடு வந்து சேர்வதும் பேசுபவனிடமே. 'நான் செய்யாவிட்டால் எனக்கு ஆகுக' என்பது இதன் சட்டகம். இப்போது தெருவில் கேட்கும் தொடரை அருகில் வையுங்கள். 'நீ ஆம்பளையா இருந்தா வாடா.' அதே நிபந்தனை எச்சம், அதே ஏவல். ஆனால் எழுவாய் முன்னிலைக்கு மாறிவிட்டது. பேசுபவன் எதையும் பணயம் வைக்கவில்லை. கேட்பவனின் ஆண்மை பணயமாக வைக்கப்பட்டுவிட்டது. இரண்டாயிரம் ஆண்டுத் தமிழில் சண்டை அழைப்பின் வரலாறு என்று ஒன்று உண்டானால், அது பெரும்பாலும் இந்த எழுவாய் மாற்றத்தின் வரலாறுதான் என்பது என் துணிபு. சொற்கள் வந்தன, போயின. அரபும் பாரசீகமும் மராத்தியும் மலாயும் வந்து கலந்தன. அவையெல்லாம் மேல்தோல். உள்ளே நடந்தது, பணயம் ஒருவரிடமிருந்து மற்றவருக்கு இடம்பெயர்ந்தது.

இதற்கு இடைப்பட்ட சான்றாக நிற்பவள் கண்ணகி. சிலப்பதிகாரத்து மதுரைக் காண்டத்தில் ஒரு காதைக்கே வஞ்சின மாலை என்று பெயர். பாண்டியன் வீழ்ந்த பின் கோப்பெருந்தேவியை நோக்கி அவள் பேசுகிறாள். புகாரில் பிறந்த பத்தினிப் பெண்டிர் எழுவரைப் பற்றிச் சொல்லிவிட்டு, நானும் ஒரு பத்தினியே ஆயின் இந்நகரை விடமாட்டேன் என்கிறாள். இங்கும் நிபந்தனை தன்மீதே. தன் கற்பைத் தானே பணயமாக வைத்துப் பேசுகிறாள். 'நீ அரசியானால் வா' என்று அவள் சொல்லவில்லை. ஆயினும் அவள் தொடர் புறநானூற்று அரசர்களின் தொடரினின்றும் ஒருபடி வேறுபட்டது. அவர்கள் 'செய்யாவிட்டால்' என்று எதிர்காலச் செயலை நிபந்தனையாக்கினர். அவள் 'இவளாக இருந்தால்' என்று தன் தன்மையை நிபந்தனையாக்கினாள். 'ஆம்பளையா இருந்தா' என்னும் தொடருக்கு இலக்கண வழியில் முன்னோடி இந்த 'ஆகில்'தான். எழுவாயை மாற்றியது மட்டுமே பிற்காலத்தார் செய்த வேலை.

பழைய சட்டகம் முற்றிலும் அழிந்துவிட்டது என்று எண்ண வேண்டா. 'இதைச் செய்யலைன்னா என் பேரை மாத்திக்கிறேன்', 'தோத்தா பாதி மீசையை எடுத்துடுறேன்' என்பவை இன்றும் நம் காதில் விழுகின்றன. நெடுஞ்செழியன் புலவர் பாடும் தன் புகழை இழக்கத் துணிந்தான். இவர் தம் பெயரை இழக்கத் துணிகிறார். துறை ஒன்றே. வடமொழி வழியாக வந்த சபதம் என்னும் சொல்லும் இதே பொருளைத் தன் வேரிலேயே வைத்திருக்கிறது. அதன் வினையடி சபித்தல். ஆணையிடுபவன் தன்னையே சாபத்துக்கு உள்ளாக்கிக்கொள்கிறான். பாரதியாரின் பாஞ்சாலி சபதம், அதன் முதற்பாகம் 1912 இல் வெளிவந்தபோது, இச்சொல்லுக்குத் தமிழில் ஒரு புதிய மதிப்பைக் கொடுத்தது.

வஞ்சினத்துக்கு அடுத்தது நெடுமொழி. வீரன் தன் ஆற்றலைத் தானே எடுத்துச் சொல்லுதல். தற்புகழ்ச்சி குற்றமென்று நன்னூல் பயின்ற நாம், களத்தில் அது ஏற்கப்பட்ட மரபு என்பதை மறந்துவிடுகிறோம். திருக்குறளில் படைச்செருக்கு என்னும் அதிகாரத்தின் முதற்குறளே (771) ஒரு நெடுமொழிதான்: என் தலைவன் முன் வந்து நிற்காதீர்கள், நின்றவர் பலர் இன்று நடுகல்லாய் நிற்கின்றனர் என்பது அதன் கருத்து. அச்சுறுத்தலாகவும் இருக்கிறது, விலகிப் போங்கள் என்னும் அறிவுரையாகவும் இருக்கிறது. இதன் இன்றைய வடிவம் என்ன? 'நான் யாருன்னு தெரியுமா?', 'என்னைப் பத்தி ஊர்ல கேட்டுப் பாரு.' நடுகல்லுக்குப் பதிலாக ஊர்வாய் சாட்சியாகிறது.

நெடுமொழியின் மிக இனிய எச்சம் சடுகுடுவில் இருக்கிறது. பாடி வருபவன் தன் பெயரையும் பாட்டன் பெயரையும் சொல்லி, நான் இன்னார் பேரன், வந்திருக்கிறேன், பிடித்துக்கொள் என்கிற பொருளில் ஒரே மூச்சில் பாடிவரும் வழக்கத்தைத் தோட்டப்புறத்தில் வளர்ந்த மூத்தோர் அறிவர். பால்மரத் தோட்டத்து லயங்களின் முன்னே மாலைப்பொழுதில் ஒலித்த அந்தப் பாட்டுகளில் சிலவற்றையேனும் யாராவது ஒலிப்பதிவு செய்திருப்பார்களாயின் அது பெருஞ்செல்வம். கபடி பன்னாட்டு விளையாட்டாகி விதிமுறை பெற்றபோது 'கபடி கபடி' என்னும் ஒற்றைச்சொல் நின்றது, பாட்டு போயிற்று. அதனோடு ஒரு நெடுமொழி இலக்கியமும் போயிற்று.

இனி அறைகூவல். இன்று இதுவே 'சவால்' என்பதற்கு நல்ல தமிழாகக் கருதப்படுகிறது. மேடையிலும் ஏட்டிலும் நாம் விரும்பி ஆள்வது. அறைதல் என்பது ஓங்கிச் சொல்லுதலும் ஆம், பறை அறைதலும் ஆம். ஆகவே அறைகூவல் என்பதன் அடிப்பொருள் பலரறிய உரக்க அழைத்தல். திருவாசகத்துத் திருவண்டப் பகுதியில் மாணிக்கவாசகர் இறைவன் தம்மை 'அறைகூவி' ஆட்கொண்டான் என்கிறார். அங்கே சண்டை எதுவும் இல்லை. அடியவனை வலிய அழைத்து ஏற்றுக்கொள்ளும் அருள் இருக்கிறது. அழைப்பது ஒன்றே, அது அருளுக்கா, போருக்கா என்பதைச் சூழலே தீர்மானிக்கிறது. 'வா' என்னும் ஓரெழுத்து ஒருமொழியும் அத்தகையதுதானே. தாய் சொல்லும் 'வாடா'வும் எதிரி சொல்லும் 'வாடா'வும் எழுத்தில் ஒன்று. குரலின் ஏற்ற இறக்கத்தில் வேறு.

சொல்லோடு உடலும் அழைக்கிறது. கம்பர் வாலி வதைப் படலத்தில் சுக்கிரீவன் வாலியை அழைக்கும் காட்சியை அமைத்திருப்பதைப் பாருங்கள். நிலத்தைக் காலால் உதைத்து, வாயை மடித்து, தோளைத் தட்டி நின்று அவன் எழுப்பிய பேரொலி, உறங்கிக்கொண்டிருந்த வாலியின் செவிக்குள் புகுகிறது. தோள் தட்டுதல், தொடை தட்டுதல், மார் தட்டுதல் ஆகியவை மல்லர் வழக்கத்திலிருந்து வந்தவை. இன்று 'மார் தட்டிக்கொள்கிறான்' என்றால் பெருமை பேசுகிறான் என்றே பொருள். எவரும் மார்பைத் தட்டுவதில்லை. 'வரிந்து கட்டிக்கொண்டு வந்தான்' என்பதும் அப்படியே. இடுப்பில் ஆடையை இறுக்கிய காலம் போய், காற்சட்டை அணிந்தவனும் வரிந்து கட்டிக்கொண்டு வருகிறான். செயல் மறைந்தபின்னும் சொல் அச்செயலைத் தாங்கி நிற்பதற்கு இவை நல்ல எடுத்துக்காட்டுகள்.

மல் என்னும் சொல்லையும் இங்கே பார்த்துவிடலாம். போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு பொருததைச் சாத்தந்தையார் பாடியிருக்கிறார். புறநானூற்றின் 80 ஆம் பாடல். பல்லவன் முதலாம் நரசிம்மவர்மன் மாமல்லன் என்னும் விருதுப்பெயர் பூண்டான். மாமல்லபுரத்தின் பெயர் அதிலிருந்து வந்தது. அத்தகைய சொல் இன்று எங்கே நிற்கிறது? கடையில் ஐம்பது காசுக்கு 'மல்லுக்கு நிற்கிறான்' என்கிறோம். அரசனின் விருது அன்றாட வழக்காடலாக இறங்கிவிட்டது. இதற்கு எதிர்த்திசையில் சென்றது பூசல். பழைய வழக்கில் அது பேரொலி, ஆரவாரம், பின்னர்ப் போர். வம்பு வேறு வழியில் சென்றது. தொல்காப்பிய உரியியல் அதற்கு நிலையின்மை என்று பொருள் தருகிறது. சங்கப் பாடல்கள் புதிதாய்ப் படையெடுத்து வந்தவரை 'வம்ப' என்னும் அடையால் சுட்டுகின்றன. நிலையில்லாதது, புதிதாக நுழைந்தது, அதனால் தொல்லை தருவது என்று வளர்ந்து, இன்று வம்புக்கு இழுத்தல், வம்பளத்தல் என்று சண்டைக்கும் வாயாடலுக்கும் பொதுவாகி நிற்கிறது.

அடுத்து, மாணவர்கள் மிகுதியும் ஆளும் ஒரு தொடருக்கு வருகிறேன்: 'ஒத்தைக்கு ஒத்தை வரியா?' சென்னைப் பக்கம் 'ஒண்டிக்கு ஒண்டி' என்பர். ஒற்றை என்பதன் றகரம் பேச்சில் தகரமாவது ஒழுங்கான மாற்றம். காற்று காத்து ஆவதுபோல. ஒண்டி என்பதும் ஒன்று என்னும் அடியோடு உறவுடையது. தெலுங்கிலும் கன்னடத்திலும் அதன் உறவுச்சொற்கள் தனிமையைக் குறிக்கின்றன. இத்தொடரைக் கொச்சை என்று ஒதுக்குவோர் அதன் பொருளைக் கேட்கவில்லை. அது ஓர் ஒப்பந்தம். உன் பக்கம் ஒருவன், என் பக்கம் ஒருவன். கூட்டம் இல்லை, மறைந்து தாக்குதல் இல்லை. சண்டைக்குள் ஒரு நேர்மையை அது முன்கூட்டியே நிறுவுகிறது.

இதன் வேர் மிக ஆழமானது. பொருதல் என்பது போர் செய்தல். அதே பொரு என்னும் அடிதான் ஒப்பாதலையும் குறிக்கும். தொல்காப்பிய உவமவியல் உவம உருபுகளைத் தொகுக்கும்போது 'பொருவ' என்பதை அவற்றுள் ஒன்றாகச் சொல்கிறது. 'வெல்ல', 'எள்ள', 'உறழ' ஆகியனவும் அங்கே உண்டு. நிலவை வெல்லும் முகம் என்றால் நிலவு போன்ற முகம். ஒன்றை ஒத்திருப்பதும் ஒன்றோடு போட்டியிடுவதும் தமிழ் மனத்துக்கு அடுத்தடுத்த வீடுகள். ஒப்பானவனோடுதான் பொர முடியும். பொரும் அளவுக்கு அவன் ஒப்பானவன். ஆகவே 'ஒத்தைக்கு ஒத்தை' என்று ஒரு சிறுவன் கேட்கும்போது, நீ எனக்குச் சமம் என்று அவன் ஒப்புக்கொண்டுவிடுகிறான். பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு வருபவன் அந்த ஒப்புதலைத் தருவதில்லை. 'ஆளை இறக்கிடுவேன்' என்னும் தொடர் 'ஒத்தைக்கு ஒத்தை'யின் இடத்தைப் பிடித்துவருவதை நான் கவலையோடு கேட்கிறேன். இறக்கப்படும் ஆளுக்கும் இச்சண்டைக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. கூலிக்கு வருபவனிடம் வஞ்சினம் இராது.

அயல்மொழி வரவுகளைப் பார்ப்போம். இவற்றுள் தலையாயது சவால். அரபுமொழியில் சுஆல் என்றால் கேள்வி. பாரசீகம், உருது வழியாக அது இந்திய மொழிகளுக்கு வந்தது. இந்தியிலும் உருதுவிலும் இன்றும் சவால் என்றால் கேள்விதான். அதே அரபுச்சொல் கடல்வழி வந்து மலாயில் சோஆல் ஆயிற்று. நம் மாணவர்கள் தேர்வறையில் எடுத்து விடை எழுதும் சோஆலானும், திடலில் அவர்கள் விடும் சவாலும் ஒருவயிற்றுப் பிள்ளைகள். கேள்வி எப்படிச் சண்டையழைப்பு ஆயிற்று? என் கருத்தைச் சொல்கிறேன். மராத்தியில் சவால்-ஜவாப் என்பது பாட்டால் கேள்வி தொடுத்துப் பாட்டால் விடை தரும் போட்டி. தஞ்சையில் மராத்தியர் ஆட்சி பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 1855 வரை நடந்தது. லாவணி அவர்களோடு தமிழ்நாட்டில் ஊன்றியது. காமன் எரிந்தானா எரியவில்லையா என்று எரிந்த கட்சி, எரியாத கட்சி எனப் பிரிந்து விடியவிடியப் பாடும் லாவணியைத் தஞ்சை வட்டாரத்தார் அறிவர். விடை சொல்ல முடியாதவன் தோற்றவன் ஆகும் களத்தில், கேள்வி கேட்பதே போருக்கு அழைப்பதாகிவிடும். சவாலின் தமிழ்ப்பொருள் இத்தகைய போட்டிக் களங்களில் முதிர்ந்திருக்க வேண்டும் என்று கருதுகிறேன். 'விடு' என்னும் வினையோடு அது சேர்வதையும் நோக்குக. அம்பு விடுகிறோம், சவால் விடுகிறோம், கேள்வியை விடுவதில்லை.

பயில்வான், குஸ்தி இரண்டும் பாரசீக வழியின. குஸ்தி மலாயில் குஸ்தியாகவே இருக்கிறது. பயில்வான் மட்டும் இரு கரையிலும் இரு வேறு பிழைப்புப் பிழைக்கிறது. தமிழில் அவர் கட்டுடல் காட்டும் மல்லர். சில வேளைகளில் கேலிக்கும் உரியவர். மலாயில் பாலாவான் என்றால் நாட்டுக்காகப் போராடிய மாவீரர். ஆண்டுதோறும் ஜூலை 31 ஆம் நாள் ஹாரி பாலாவான் கொண்டாடுகிறோம். ஒரு சொல் எந்த ஊர் மண்ணில் விழுகிறதோ அந்த ஊர் வாழ்வே அதற்குக் கிடைக்கிறது.

இதற்கு மேல் நுட்பமான வரவுகள் நிபந்தனைத் தொடருக்குள் நுழைந்தவை. 'தில் இருந்தா வா.' தில் பாரசீகத்தில் இதயம். 'தம் இருந்தா வா.' தம் அம்மொழியில் மூச்சு. சடுகுடுவில் தம் பிடிப்பதும் அதுவே. 'ரோஷம் இருந்தா வா.' ரோஷம் வடமொழியில் சினம். தமிழில் அது மான உணர்ச்சியாக உயர்ந்துவிட்டது. 'சூடு சொரணை இருந்தா' என்கிறோம். சொரணை வடமொழி ஸ்மரணத்தின் திரிபு, நினைவு என்பது அதன் மூலப்பொருள். இதயம், மூச்சு, சினம், நினைவு. எதிராளியிடம் இவையெல்லாம் உண்டா என்று சோதிக்கும் ஒரு மருத்துவரைப் போலத் தமிழன் சண்டைக்கு அழைக்கிறான்! இப்பட்டியலின் கடைசிப் படியாக, பிறப்பையே நிபந்தனையாக்கும் தொடர் ஒன்று உண்டு. எதிரியின் தகப்பன் ஒருவனா என்று அது கேட்கிறது. அவையில் அதனை முழுதும் சொல்ல வேண்டியதில்லை, நீங்கள் அறிவீர்கள். நிபந்தனை தன்னிலிருந்து எதிரிக்கு நகர்ந்து, எதிரியிலிருந்து அங்கே இல்லாத, சண்டையோடு தொடர்பற்ற ஒரு தாய்க்கு நகர்ந்துவிட்டது. தன் கற்பைத் தானே பணயம் வைத்த கண்ணகிக்கும், வேறொருத்தியின் கற்பைப் பணயம் வைக்கும் இத்தொடருக்கும் இடையில் உள்ள தொலைவைச் சிந்தித்துப் பாருங்கள். இதைவிடக் கீழே இறங்க இலக்கணத்தில் படி இல்லை.

நாம் வாழும் ஊரின் மொழிச்சூழலுக்கு வருவோம். ஆயர் ஈத்தாம், பத்து பகாட்டிலிருந்து குளுவாங் செல்லும் சாலையும் தெற்கு வடக்காக ஓடும் பழைய நெடுஞ்சாலையும் சந்திக்கும் இடம். மண்பாண்டம் வாங்க நிற்போரும் பேருந்து மாற நிற்போரும் பல மொழி பேசுவர். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு பயின்ற பிள்ளை இடைநிலைப்பள்ளிக்குச் சென்றதும் மலாய் மாணவரோடும் சீன மாணவரோடும் ஒரே திடலில் நிற்கிறான். சண்டைச் சொற்களும் அங்கே சந்திக்கின்றன.

மலாயில் 'அனாக் ஜந்தான்' என்றொரு தொடர் உண்டு. ஆண்மகன் என்பது பொருள். 'அனாக் ஜந்தானாக இருந்தால் வா' என்பது நம் 'ஆம்பளையா இருந்தா வா' என்பதன் நேர் இணை. யாரிடமிருந்து யார் பெற்றது என்று ஆராய வேண்டிய தேவை இல்லை. ஆண் பிள்ளைகள் உள்ள இடமெல்லாம் இது முளைக்கும். இதினும் சுவையானவை வினா வடிவங்கள். 'தெங்கோக் அப்பா?' என்பது 'என்னடா பாக்குற?' 'தா புவாஸ் ஹாத்தி கே?' என்பது 'உன் மனத்துக்குத் திருப்தி இல்லையா?' சொல்லுக்குச் சொல் பார்த்தால் விருந்தோம்பும் வீட்டில் கேட்கத்தக்க உபசார மொழி. திடலில் அதுவே சண்டைக்கு முதற்சொல். நம் பிள்ளைகள் 'என்னடா, தா புவாஸா?' என்று தமிழ் விளியும் மலாய்ப் பயனிலையும் கலந்து கேட்பதை நான் கேட்டிருக்கிறேன். விளி மட்டும் தமிழில் நிற்பது தற்செயலானதன்று. அடா, ஏடா என்னும் பழைய விளிகளின் தேய்வாகிய இந்த 'டா' ஒன்றே உறவையும் பகையையும் அளக்கும் கோல். அதற்கு ஈடு வேறு மொழியில் கிடைக்காததால் பிள்ளைகள் அதைக் கைவிடவில்லை.

பார்த்தல் என்னும் வினை சண்டையில் பெறும் இடம் தனியே ஒரு நூலுக்குரியது. 'என்ன பாக்குற', 'என்ன முறைக்கிற' என்று தொடங்கி, 'பாத்துக்கிறேன்', 'ஒரு கை பாத்துடலாம்', 'வா பாக்கலாம்' என்று அது முடியும். தமிழில் பார் துணைவினையாகும்போது முயன்று அறிதலைக் குறிக்கும். 'இந்தக் குழம்பைச் சாப்பிட்டுப் பார்' என்றால் ஊக்கம். அதே வடிவில் 'தொட்டுப் பார்' என்று ஒருவன் சொன்னால், ஏவல் வினையாக இருந்தும் அதன் பொருள் தொடாதே என்பது. உடன்பாட்டு வடிவம் எதிர்மறைப் பொருள் தருகிறது. தமிழைப் புதிதாகக் கற்கும் அயல்மொழியாளர் இதில் தடுமாறுவர். தாய்மொழியாளன் மூன்று வயதிலேயே இதை அறிகிறான். 'அழுது பாரு' என்று தாய் மிரட்டும்போது அவன் அழுகையை நிறுத்துகிறான்.

முன்னர்க் கதவு என்று சொன்னேனே, அது இங்கே வருகிறது. சண்டை அழைப்புகளை விடையளிக்க முடிந்தவை, விடையளிக்க முடியாதவை என்று இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். 'என்ன பாக்குற?' என்பதற்கு 'ஒண்ணுமில்லை' என்று சொல்லி நகரலாம், எவருக்கும் இழிவில்லை. 'தா புவாஸ் ஹாத்தி கே?' என்பதற்கும் 'அப்படி ஒன்றும் இல்லை' என்னும் விடை உண்டு. 'தொட்டுப் பார்' என்றவனைத் தொடாமல் இருந்துவிடலாம். நலங்கிள்ளி திறந்து வைத்த கதவு இத்தொடர்களில் இன்னமும் திறந்திருக்கிறது. 'நீ ஆம்பளையா இருந்தா' என்னும் வகைக்குக் கதவே இல்லை. வராமல் இருப்பதே தோல்வி என்று அத்தொடர் முன்கூட்டியே எழுதிவிடுகிறது. சுற்றி நிற்பவர் கூட்டம் அந்த எழுத்தைப் படித்துக்கொண்டு காத்திருக்கிறது. பள்ளிகளில் நடக்கும் அடிதடி, தனியாக நின்ற இருவரிடையே நடப்பதைவிடக் கூட்டத்தின் நடுவே எளிதில் மூள்வதற்கு இத்தொடரமைப்பும் ஒரு காரணம்.

ஆசிரியர்களுக்கு இதில் நடைமுறைப் பயன் உண்டு. இரண்டு மாணவர்களை இழுத்துவந்து நிறுத்தும்போது, 'கெட்ட வார்த்தை பேசினாயா?' என்று கேட்பதே பெரும்பாலும் வழக்கம். எந்தச் சொல் என்று பட்டியலிட்டுத் தண்டிக்கிறோம். 'டா' என்று விளித்தவனும் தாயைப் பழித்தவனும் ஒரே தண்டனை பெறுகின்றனர். அதற்குப் பதிலாக, யார் முதலில் கதவை மூடினான் என்று கேட்டுப் பாருங்கள். மாணவர்கள் உடனே விடை சொல்வார்கள். இந்த இலக்கணம் அவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். 'சார், அவன் என்ன பாக்குறன்னுதான் கேட்டான், இவன்தான் எங்கம்மாவை இழுத்தான்' என்று ஒரு பதின்மூன்று வயதுப் பையன் சொல்வானாயின், அவன் வினாவையும் நிபந்தனையையும் பிரித்தறிந்துவிட்டான் என்றே பொருள்.

புறநானூற்று வஞ்சினப் பாடல்களை நடத்தும் ஆசிரியர்கள், பாடம் முடிந்தபின் ஒரு பயிற்சி தரலாம். திடலில் கேட்ட அழைப்புத் தொடர் ஒன்றை மாணவர்கள் எழுதட்டும். அவையல் கிளவியைத் தவிர்த்து எழுதச் சொன்னால் போதும். பின் அதன் எழுவாயைத் தன்மைக்கு மாற்றி எழுதட்டும். 'உனக்குத் தில் இருந்தா என்னை ஓட்டப்பந்தயத்துல ஜெயி' என்பது 'நான் உன்னை ஜெயிக்கலைன்னா ஒரு மாசம் உன் பையைத் தூக்கறேன்' என்று மாறும். வகுப்பு சிரிக்கும். சிரிப்பினூடே, நெடுஞ்செழியன் எதைச் செய்தான் என்பது பொழிப்புரை இல்லாமலே விளங்கிவிடும். இன்று வந்திருக்கும் மாணவர்களுள் யாரேனும் தம் பாட்டனாரிடம் பழைய சடுகுடுப் பாட்டொன்றைக் கேட்டு எழுதி இம்மன்றத்துக்கு அனுப்புவார்களாயின் பெரிதும் மகிழ்வேன். பாடியவர் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் மறவாமல் குறியுங்கள்.